தண்டப்பணத்தைக் கட்டுவதா, கோட்ஸுக்குப் போவதா?

குழு: வீட்டு ஆக்கள்

தீபன்: நேற்றுப் பின்னேரம் கண்டி வீதியில், அரியாலைப் பக்கம், ஒரு வான் காரை அடித்துவிட்டது. எனக்கு ஒன்றும் இல்லை, பயப்பட வேண்டாம். பின் வலது கதவு உள்ளே போய்விட்டது.

செல்வி சித்தி: ஐயோ நல்லூரானே! நேற்று நடந்ததை இன்றைக்கோ சொல்கிறாய்?

தீபன்: பொலிஸ் நிலையத்திலிருந்து வரவே இருட்டிவிட்டது சித்தி. விஷயம் இதுதான். ஓரத்தில் நின்ற பஸ்ஸைத் தாண்ட சிக்னல் போட்டு வலப்பக்கம் எடுத்தேன். எடுத்து நேராக ஓடத் தொடங்கிய பிறகுதான் பின்னால் வந்த வான் என்னை முந்தப் பார்த்து இடித்தது. பொலிஸ்காரர் "பாதை மாறியது நீர்தானே" என்று எனக்குத் தண்டச் சீட்டு எழுதி, லைசென்ஸையும் வாங்கிவிட்டார்.

செல்வி சித்தி: கட்டிவிட்டுப் பேசாமல் இரு. கோட்ஸ் வாசலில் வெயிலில் நிற்பதற்கு அது மேல்.

குணம் மாமா: செல்வி சொல்கிறாள் என்று தபாற்கந்தோருக்கு ஓடாதே தம்பி. 14 நாள் இருக்கிறது. அதற்குள் கட்டினால் சீட்டில் உள்ள தொகை. 28 நாள் வரை போனால் இரட்டிப்பு. அதற்கும் கட்டாவிட்டால் நீதவான் நீதிமன்றம். கட்டினாய் என்றால் பிழையை ஒத்துக்கொண்ட மாதிரி. நாளைக்கு இன்சூரன்ஸ் கதை வரும்போது அந்த ரிசீட்டைத்தான் தூக்கிக் காட்டுவார்கள்.

தீபன்: அப்படியென்றால் 28 நாளும் சும்மா இருந்தால் சரியா?

குணம் மாமா: சும்மா இருக்காதே! போக்குவரத்துப் பொறுப்பதிகாரியிடம் நேரே போய், ஒத்துக்கொள்ளவில்லை, நீதிமன்றத்தில் வழக்கைப் போடுங்கள் என்று சொல். உன் வாக்குமூலத்தில் சிக்னல் போட்டது எழுதியிருக்கிறதா என்று பார். முறைப்பாட்டு இலக்கத்தையும் குறித்துக்கொண்டு வா.

மதி அக்கா: மாமா சொல்வது பொலிஸ் பக்கம். இன்சூரன்ஸ் வேறு பக்கம். பொலிஸ் என்ன எழுதினாலும் கம்பனி தன் ஆளை அனுப்பிப் பார்த்துத்தான் முடிவெடுக்கும். தீபன், உன்னுடையது ஃபுல் இன்சூரன்ஸா?

தீபன்: ஓம் அக்கா. ஆனால் கிளெய்ம் போட்டால் போனஸ், அதுதான் கிளெய்ம் எடுக்காததற்குக் கட்டணத்தில் தரும் கழிவு, போய்விடும் என்கிறார்கள்.

மதி அக்கா: போகும். அதனால்தான் பிழை யாருடையது என்பது முக்கியம். வெறும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி என்றால் உன் கதவுக்கு ஒரு சதமும் கிடைக்காது, அது மற்றவனுக்கு ஏற்படும் நட்டத்துக்குத்தான். கம்பனி ஆள் வந்து பார்க்கும் முன் கராஜுக்குக் கொண்டுபோய்த் தட்டிவிடாதே. இப்போது கதவைக் கிட்டத்தில் படம் எடுத்துப் போடு.

தீபன்: (படம்)

மதி அக்கா: இதைப் பாருங்கள் எல்லோரும். கீறல் கதவின் பின்முனையில் ஆழமாகத் தொடங்கி, முன்பக்கம் போகப் போக மெலிகிறது. வானின் கறுப்பு பம்பர் பூச்சும் ஒட்டியிருக்கிறது. தீபன் திரும்பும்போது போய் மோதியிருந்தால் அடி காரின் முன் மட்காட்டில் இருந்திருக்கும், வானின் பக்கப்பாட்டில் நசுங்கியிருக்கும். இது பின்னால் வந்தவன் முன்மூலையால் உரசிக்கொண்டு போன அடையாளம்.

குணம் மாமா: சபாஷ். அந்த இடத்தில் நடுக்கோடு எப்படி? விட்டுவிட்டுப் போட்டதா, நீளக் கோடா?

தீபன்: நீளக் கோடு மாமா. நான் கோட்டைத் தாண்டவில்லை, பஸ் பாதிக்கு மேல் ஓரத்தில்தான் நின்றது.

குணம் மாமா: அப்படியென்றால் தொடர்கோட்டைத் தாண்டி முந்தியது அவன். இதைத்தான் நீதவானுக்குச் சொல்ல வேண்டும். ஆனால் ஒன்று, பாதை மாறுகிறவன் பார்த்துத்தான் மாற வேண்டும் என்கிற விதி நியாயமான விதி. அதை எதிர்த்துக் கதைக்காதே. "நான் மாறி முடித்துவிட்டேன், அதற்குப் பிறகுதான் அடி" என்று மட்டும் நில். சட்டத்தரணியிடமும் இதையே சொல்.

செல்வி சித்தி: அந்த வான்காரன் ஒரு மன்னிப்பாவது கேட்டானா?

தீபன்: போனைக் காதில் வைத்துக்கொண்டே இறங்கினான் சித்தி.

செல்வி சித்தி: அப்போ கோட்ஸுக்கே போ. நான் சாப்பாடு கட்டித் தருகிறேன்.

மதி அக்கா: 😂 சித்தி கட்சி மாறிவிட்டா. தீபன், எதிரில் கடை ஏதும் இருக்கிறதா? கமெரா?

தீபன்: ஒரு இரும்புக்கடை இருக்கிறது. வாசலில் கமெரா பார்த்த ஞாபகம்.

மதி அக்கா: இன்றைக்கே போ. கமெரா பதியும் பெட்டி நிரம்பினால் பழையதை அழித்துவிட்டு மேலே பதியும். முதலாளியிடம் தன்மையாகக் கேள். தர மறுத்தால் சண்டை பிடிக்காதே, நேரத்தைக் குறித்துப் பொலிஸுக்கும் கம்பனிக்கும் எழுத்தில் கொடு, அவர்கள் கேட்கட்டும். கம்பனி கடைசியில் பிழையை உன் தலையில் போட்டால் முதலில் அவர்களுக்கே எழுத்தில் முறைப்பாடு, அதற்கும் சரிவராவிட்டால் காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கிற ஒம்புட்ஸ்மன் இருக்கிறார்.

தீபன்: சரி அக்கா, வெளிக்கிடுகிறேன். யாரிடமாவது பென் டிரைவ் இருக்கிறதா?

செல்வி சித்தி: என்னிடம் ஒன்று இருக்கிறது. ஆனால் அதில் பிள்ளையின் சாமத்திய வீட்டு வீடியோ. அழித்தாயோ, பிறகு வழக்கு என்னோடுதான்.