ராத்திரி டியூட்டிக்கு வந்தவர்கள்

மகளுக்கு ட்ரக்கி, அம்மா எழுதுகிறேன்:

மகளை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து 4 வருடம் ஆகிறது. கழுத்தில் துளை போட்டு மூச்சுவிட வைத்த ட்ரக்கி குழாய், வயிற்றில் உணவு போக பீடிங் டியூப். இதுவரை ஹோம் நர்ஸ் என்று 11 பேர் வந்து போயிருக்கிறார்கள். அதில் 2 பேரைப் பற்றிச் சொல்கிறேன். உங்களுக்கு வாய்த்தவர்களைப் பற்றி நீங்களும் எழுதுங்கள்.

ஒருவர் பழுத்த அனுபவசாலி. வந்ததுமே, "இதெல்லாம் நிறைய பாத்திருக்கேம்மா, நீங்க போய்ப் படுங்க" என்றார். நானும் போய்ப் படுத்தேன். அரைத்தூக்கத்தில், சளியை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன் மெஷின் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தச் சத்தத்தின் நீளம் தெரியும், 10 விநாடிக்குள் நின்றுவிடும். அன்று நிற்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், உறிஞ்சும் மெல்லிய குழாயை (கதீட்டரை) முட்டும்வரை உள்ளே விட்டிருக்கிறார். மகள் கண்ணில் தண்ணீர், சளியில் ரத்தக் கோடு. ட்ரக்கி குழாயின் நீளத்தைத் தாண்டிப் போனால் மூச்சுக்குழாயின் சுவர் புண்ணாகும். அதற்காகவே எவ்வளவு போகலாம் என்று அளந்து, கட்டில் தலைமாட்டில் டேப் ஒட்டி அடையாளம் போட்டு வைத்திருந்தேன். அவர் பார்க்கவில்லை. கூட்டிப்போய்க் காட்டாமல் படுத்தது என் தப்பும்தான்.

இன்னொருவர் சின்னப் பெண். படிப்பு முடித்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. எனக்கு நம்பிக்கையே வரவில்லை. அவர் குழந்தையைத் தொடுவதற்கு முன், "அவசரப் பையை எடுங்கக்கா" என்றார். உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக மெத்தையில் பரப்பினார். மாற்றுக் குழாய் அதே அளவில் ஒன்று இருந்தது. "ஒரு சைஸ் சின்னது எங்கக்கா?" முந்தின மாதம் குழாய் கழன்றபோது அதைத்தான் போட்டோம், புதிது வாங்கி வைக்கவே இல்லை. துவாரம் சுருங்கி, வழக்கமான குழாய் உள்ளே போகாமல் அடம்பிடித்தால் அந்தச் சின்னதுதான் உயிர். மூன்று வாரமாக அது இல்லாத பையைத்தான் போகிற இடமெல்லாம் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன். மறுநாளே வாங்கினோம். அதற்கடுத்த ராத்திரி, வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல்முறையாகக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினேன்.

---

வீட்டில் ஆக்சிஜன், அப்பா:

நர்ஸ் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கான்சென்ட்ரேட்டர் கொண்டுவந்த தம்பியைச் சொல்லியாக வேண்டும். இறக்கி வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். நான் சுவரோடு ஒட்டித் தள்ளிய மெஷினை முன்னால் இழுத்தார். "இதுக்குள்ள ஆக்சிஜன் கிடையாது சார். ரூம் காத்தை இழுத்து, நைட்ரஜனைப் பிரிச்சுட்டு மிச்சத்தைக் கொடுக்குது. அது மூச்சு வாங்கவும் இடம் வேணும்ல?" பிறகு கேட்டார், "கரண்ட் போனா?" சிலிண்டர் இருக்கு என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. "எவ்வளவு நேரம் வரும்?" முழித்தேன்.

மெஷின் வந்த அட்டைப்பெட்டியில் ஒரு துண்டைக் கிழித்துக் கணக்குப் போட்டார். உள்ளே 1500 லிட்டர், நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓடினால் 25 மணி நேரம். அழுத்தமானியின் முள் பாதிக்கு வந்துவிட்டால் பன்னிரண்டரை. அந்த அட்டை இன்னும் சிலிண்டர் கழுத்தில் தொங்குகிறது. டாக்டர் லிட்டரை ஏற்றினால் அட்டையையும் திருத்துங்கள், நான் ஒருமுறை மறந்தேன்.

---

இதய நோயுள்ள பையனின் அம்மா:

எனக்கு உதவியது ஒரு காகிதம். போகிற இடமெல்லாம் பையன் கதையைப் பிறந்த நாளிலிருந்து ஒப்பித்து ஒப்பித்து வாய் ஓய்ந்துவிட்டது. சமூகப் பணியாளர் ஒருவர் உட்கார்ந்து கேட்டு, ஒரே பக்கத்தில் எழுதி, டாக்டரிடம் கையெழுத்தும் வாங்கிக் கொடுத்தார். நோய், மருந்து, அளவு, ஒவ்வாமை. முதல் வரி மட்டும் பெரிய எழுத்தில்: "இவனுக்கு ஆக்சிஜன் அளவு 82 என்பது வழக்கமானது." அவன் இதய அமைப்பு அப்படி. ஆம்புலன்ஸில் வந்தவர்கள் அந்த எண்ணைப் பார்த்துப் பதறியபோது நான் பேசவே இல்லை, காகிதத்தை நீட்டினேன்.

---

இரட்டையரில் ஒருவனுக்கு வென்டிலேட்டர், அப்பா:

கொஞ்ச நாள் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் விடலாம் என்று சொன்னபோது என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அங்கிருந்தவர்தான் ஹெலன் ஹவுஸ் பற்றிச் சொன்னார். 1982இல் ஆக்ஸ்போர்டில் தொடங்கிய, உலகின் முதல் குழந்தைகள் ஹாஸ்பிஸ், அதாவது குணமாகாத நோயுள்ள குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இல்லம். மூளைக்கட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகு முழுதாகப் பிறரைச் சார்ந்துவிட்ட ஹெலன் என்ற சிறுமியைப் பெற்றோர் வீட்டில் வைத்துப் பார்த்து வந்தார்கள். அவர்கள் ஓய்வெடுக்கட்டும் என்று சிஸ்டர் பிரான்சிஸ் டொமினிகா என்ற கன்னியாஸ்திரீ அவ்வப்போது குழந்தையைத் தன் பொறுப்பில் வாங்கிக்கொண்டார். அதிலிருந்து பிறந்த யோசனைதான் அந்த வீடு. "அவங்களும் குழந்தையைக் கைவிடலையே" என்றார், இதைச் சொன்ன இல்லத்துக்காரர். மனைவி பதில் சொல்லவில்லை, ஆனால் மறுநாள் துணி எடுத்து வைத்தாள்.

முதல் ராத்திரி இரண்டு பேருக்கும் தூக்கம் இல்லை. வழக்கமாக உணவு கொடுக்கும் 2 மணிக்கு எழுந்து காலிக் கட்டில் பக்கம் நின்றேன். வென்டிலேட்டர் சத்தம் இல்லாத வீடு பயமாக இருந்தது. தூங்கியது இன்னொரு மகன்தான், எங்கள் இருவருக்கும் நடுவில், ஒரு வருடத்துக்குப் பிறகு.

---

முதலில் எழுதிய அம்மா:

அண்ணா, உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டுப் பெரியவள் அறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். அந்தச் சின்னப் பெண் வேறு வேலைக்குப் போய்விட்டார். நாளை 12ஆவது ஆள் வருகிறார். இந்த முறை டேப்பைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டுவேன். பையிலிருந்து ஒரு குழாயை ஒளித்து வைத்து, கண்டுபிடிக்கிறாரா என்று பார்க்கலாமா என்றுகூட யோசித்தேன். வேண்டாம், ஒளித்த இடம் எனக்கே மறந்துவிடும்.