சுபன் கைமாறிய நாட்கள்: நாங்கள் பார்த்தவை

மொன்றியலிலிருந்து

ஐஸ் ஹாக்கியில் சம்பளம் கூடிய தடுப்பாட்டக்காரரை வைத்திருப்பதா, கைமாற்றுவதா என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு 2016 ஜூன் 29தான் நினைவுக்கு வருகிறது. வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற இளைஞன், முன்பின் தெரியாத என்னிடம் கைபேசியை நீட்டினான். எங்கள் மொன்றியல் அணியின் தடுப்பாட்டக்காரர் பி.கே. சுபன் அமெரிக்காவின் நாஷ்வில் அணிக்கு. பதிலுக்கு அங்கிருந்து இன்னொரு தடுப்பாட்டக்காரர், ஷே வெபர். ஆளுக்கு ஆள்.

சுபனுக்கு எட்டு ஆண்டுகளுக்கு 72 மில்லியன் டொலர் ஒப்பந்தம். அடுத்த பருவத்தில் ஓர் அணி முழுவதற்குமான சம்பள உச்சவரம்பே 73 மில்லியன். அதில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு ஒருவருக்கே போகிறது. ஜூலை 1 வந்துவிட்டால், தன்னை இடம் மாற்றுவதை மறுக்கும் உரிமையும் அவர் கைக்கு வந்துவிடும். அவசரம் புரிந்தது. ஆனால் சுபனுக்கு வயது 27, வெபருக்கு 30. வெபரின் ஒப்பந்தத்தில் இன்னும் பத்து ஆண்டுகள் மீதி. ஆண்டுக்கு ஒரு மில்லியனுக்குச் சற்றுக் கூடுதலாக மிச்சம் பிடிக்க, மூத்தவரை நீண்ட கடனோடு வாங்கினார்கள். அது தவறு என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

2017 மார்ச் 2 அன்று சுபன் நாஷ்வில் சட்டையோடு வந்தபோது மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆட்டத்துக்கு முன் திரையில் அவருடைய பழைய ஆட்டங்களைக் காட்டினார்கள். அரங்கமே எழுந்து நின்றது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசி நொடிகளில் ஒரு கோல் போட்டு 2-1 என்று நாங்கள்தான் வென்றோம். மகன் மட்டும், 76 என்று எழுதிய தன் பழைய சட்டையின் கையை இழுத்துப் பார்த்தபடி, "அப்பா, இதை இனிப் போடலாமா?" என்று கேட்டான். போடு என்றேன். அந்த ஆண்டு நாஷ்வில் இறுதிச் சுற்றுவரை போனது.

நியூ ஜெர்சியிலிருந்து

நானும் சுபனைப் பார்த்தேன், ஆனால் அது வேறு சுபன். 2019 ஜூனில் இரண்டு இளம் தடுப்பாட்டக்காரர்களையும், புது இளைஞர்களை அணிக்குத் தேர்ந்தெடுக்கும் இரண்டாம் சுற்று வாய்ப்புகள் இரண்டையும் கொடுத்து எங்கள் அணி அவரை நாஷ்வில்லிடமிருந்து வாங்கியது. ஆண்டுக்கு 9 மில்லியன் டாலர் சுமையை முழுதாக நாங்களே ஏற்றோம். நூவர்க் அரங்கில் கோல் வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பக், அதாவது ஆடும் ரப்பர் வட்டு, மூலைக்கு உருண்டது. சுபன்தான் முதலில் புறப்பட்டார். எதிரணியின் இளைஞர் ஒருவர் இரண்டே எட்டில் அவரைக் கடந்து அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பக்கை அடிப்பதில் பழைய வேகம் இருந்தது, காலில் இல்லை. அந்தப் பருவத்தில் 68 ஆட்டங்களில், போட்ட கோலும் கோலுக்குக் கொடுத்த உதவியும் சேர்த்து 18 புள்ளிகள்தான்.

மனிதர் முழு மனதோடுதான் ஆடினார். அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் நாஷ்வில் செய்ததுதான் சரி. விட்ட சம்பளத்தில் பத்தே நாளில் தாக்குதல் ஆட்டக்காரர் மேட் டுஷேனை எடுத்தார்கள். விற்பதென்றால் கால் ஓய்வதற்கு ஒரு பருவம் முன்னால் விற்க வேண்டும்.

மொன்றியலிலிருந்து இன்னொருவர்

மேலே எழுதியவர் வெபரைக் கடன் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. 2018இல் அணித் தலைவரான அவர், உடம்பெல்லாம் காயத்தோடு 2021இல் எங்களை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனார். தம்பா அணியிடம் தோற்றோம், அதன்பிறகு அவர் களம் இறங்கவே இல்லை. ஒப்பந்தமோ 2026 வரை. தெரிந்தும் மறுபடி அவரை வாங்குவீர்களா என்றால், வாங்குவேன். அந்தக் கோடை வேறு எந்த வழியில் எங்களுக்குக் கிடைத்திருக்கும்?

அப்போது என் மகள் சிறுவர் மருத்துவமனையில் இருந்தாள். அந்த மருத்துவமனைக்கு 10 மில்லியன் டொலர் திரட்டித் தருவதாக 2015 செப்டம்பரில் உறுதி சொன்னவர் சுபன். முகப்புக் கூடத்துக்கே அவருடைய பெயர்தான். வாசலில் மாட்டியிருந்த அந்தப் பெயருக்குக் கீழே, கையில் ஊசிக் குழாயோடு, வெபரின் 6ஆம் எண் சட்டை போட்ட பையன் ஒருவன் ஆட்டம் தொடங்கும் நேரத்தைத் தாதியிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான்.