மேஜிகார்ப் எங்கே, எத்தனை மணிக்கு? பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரப் பகிர்வு

ஆத்தங்கரை:
பத்தாங் பெர்ஜுந்தை (பெயர்ப்பலகையில் இப்போது பெஸ்தாரி ஜெயா) கைப்பேசியில் போக்கிமோன் கோ ஆடுகிறவர்களுக்குத் தாராளமான ஊர் இல்லை. கோலாலம்பூரில் பத்து அடி நடந்தால் ஒரு ஸ்டாப் (பந்தும் பழமும் கிடைக்கும் இடம்). இங்கே ஒரு கோயிலுக்கும் அடுத்த கோயிலுக்கும் நடுவில் செம்பனை மட்டும்தான். ஆனால் சிலாங்கூர் ஆறு ஊரை ஒட்டி ஓடுகிறது, பழைய ஈயக் குட்டைகளும் சுற்றிலும் கிடக்கின்றன. விளையாட்டின் வரைபடத்தில் தண்ணீர் நீலமாகத் தெரியும் இடத்தில் மேஜிகார்ப் என்ற மீன் போக்கிமோன் வரும். அது மாறினால் கியாரடோஸ். நம் ஊரில் காசு செலவழிக்காமல் பெரிய போக்கிமோன் ஒன்றைக் கையில் கொண்டுவர இந்த மீனை விட்டால் வேறு நல்ல வழி இல்லை. அதனால் பார்த்தவர்கள் இடம், மணி, நிமிஷம், வானிலை, சி.பி. (போர் வலிமை எண்) இவற்றை எழுதுங்கள். எப்போது ஆட ஆரம்பித்தோம் என்ற பழங்கதையை விட்டுவிடலாம். அடுத்தவருக்குப் பயன்படுகிற விவரம் போதும்.

நான் தொடங்குகிறேன். ஆற்றுப் பாலத்தின் கடைத்தெருப் பக்கம், சனிக்கிழமை சாயங்காலம் 6:12-க்கு ஒன்று, 7:12-க்கு அதே இடத்தில் இன்னொன்று. இரண்டும் மேஜிகார்ப். வானிலை மழை.

மூணாவது டிவிசன்:
அண்ணே, அந்த 12-ஆவது நிமிஷம்தான் இதில் முக்கியம். போக்கிமோன் தோன்றும் புள்ளிகள் நிலையானவை. ஒரு புள்ளி மணிக்கு ஒரு தடவை, அதே நிமிஷத்தில் திறக்கும். பெரும்பாலான புள்ளிகள் 30 நிமிஷம் நிற்கும். அதனால் 6:12-க்கு வந்தது 6:42-க்குப் போய்விடும், 7:12 வரை அங்கே காத்திருந்து பயன் இல்லை. அதே மீன்தான் திரும்ப வரும் என்றும் சொல்ல முடியாது. தண்ணீர் ஓரமென்றால் மேஜிகார்ப் வர வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். ஒரு சின்ன நோட்டில் புள்ளியையும் நிமிஷத்தையும் எழுதி வைத்தால் ஒரு வாரத்தில் ஊர் முழுக்கக் கணக்கு வந்துவிடும். பிறகு 12-க்குப் பாலம், 25-க்கு கோயில் குளம், 40-க்கு கான் (வடிகால்) முனை என்று ஒரே நடையில் மூன்றையும் பார்த்துவிடலாம்.

பாலத்தில் ஒரு எச்சரிக்கை. குலை ஏற்றிய லோரி வரும் பாதை அது. நடைபாதையில் நிற்காமல் பாலத்துக்கு இந்தப் பக்கம், அஞ்சடியிலேயே (கடை முன் நடைவழி) நின்று தட்டினாலும் அந்த மீன் கைக்கெட்டும். ஈயக் குட்டை ஓரத்துக்குக் கண்டிப்பாக இறங்கக் கூடாது. மேலே புல் உறுதியாகத் தெரியும். அடியில் மணல் சரியும், இரண்டாவது அடியிலேயே ஆழம். மில்லின் கழிவுநீர்க் குளமும் அப்படியே. வரைபடத்தில் நீலமாகத் தெரிந்தாலும் அதன் வேலிக்குள் யாரும் போகக் கூடாது.

கோப்பிக் கடை:
பிடிப்பதைப் பற்றி யாராவது எழுத வேண்டும், நானே எழுதுகிறேன். நம் பிள்ளைகள் மஞ்சள் பந்தை இதன்மேல் வீணாக்குகிறார்கள். மேஜிகார்ப்புக்குச் சிவப்புப் பந்தே தாராளம். சிக்கல் பந்தில் இல்லை, எறியும் நேரத்தில் இருக்கிறது. மீன் தரையில் துடித்துக்கொண்டே இருக்கும். அது துள்ளித் தாக்கும் நொடியில் எறிந்தால் பந்து தட்டிவிடப்படும். செய்ய வேண்டியது இது: பந்தை அழுத்திப் பிடியுங்கள். உள் வளையம் நீங்கள் விரும்பும் அளவுக்குச் சுருங்கியதும் எறியாமல் விரலை எடுத்துவிடுங்கள். வளையம் அந்த அளவிலேயே நின்றுவிடும். மீன் தாக்க ஆரம்பித்ததும் பந்தைச் சுழற்றி, தாக்குதல் முடியும் தறுவாயில் எறியுங்கள். தாக்குதல் முடியும்போது பந்து போய்ச் சேரும், வளையமும் நீங்கள் நிறுத்திய அளவிலேயே இருக்கும். சுழற்றி எறிவதற்குத் தனியாக 1.7 மடங்கு சாதகம் உண்டு.

பினாப் பழம் (கிடைக்கும் கேண்டியை இரட்டிப்பாக்குவது) கொடுத்துவிட்டுத்தான் எறிய வேண்டும். போக்கிமோனை மாற்றத் தேவைப்படுவதுதான் கேண்டி. பந்து தவறி விழுந்தால் பழம் போகாது. பந்தில் மாட்டி மீன் உடைத்துக்கொண்டு வெளியே வந்தால் பழம் போய்விடும், மறுபடி கொடுக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் இரண்டாவது பந்தைப் பழம் இல்லாமல் எறிந்து பாதி கேண்டியை இழக்கிறவர்கள் நிறைய.

ரப்பர் ஸ்டோர்:
கேண்டிக் கணக்கில் எல்லோரும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். கியாரடோஸ் ஆக 400 கேண்டி. ஒரு மீன் பிடித்தால் 3, அதை விட்டுக்கொடுத்துப் புரொபசருக்கு அனுப்பினால் 1, ஆக 4. அப்படியானால் 100 மீன் போதும் என்று தோன்றும். போதாது. கியாரடோஸாக மாற வேண்டிய மீனை அனுப்ப முடியாதே! 100 பிடித்து 99 அனுப்பினால் 399-இல் வந்து நிற்கும். 101-ஆவது மீன் வேண்டும், அல்லது ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். பினாப்போடு பிடித்தால் மீனுக்கு 6. 57 மீன் பிடித்து 56 அனுப்பினால் 398. 58-ஆவது மீனில்தான் 400 தாண்டும். ஆகவே பினாப் பழம் 60 சேர்ந்த பிறகு தொடங்குவதே புத்தி. ஸ்டாப் குறைவான ஊரில் பழம் சேர்வதுதான் தாமதம், மீன் கிடைப்பதில் இல்லை. நண்பர்களின் பரிசுகளைத் தினமும் திறந்தால் பழமும் பந்தும் ஓரளவு ஈடாகும்.

நடப்பவர்களுக்கு: மேஜிகார்ப்பைத் துணையாக வைத்தால் 1 கிலோமீட்டருக்கு 1 கேண்டி. விளையாட்டிலேயே மிகக் குறைந்த தூரம் இதுதான். துணை உற்சாக நிலையில் இருந்தால் அரைக் கிலோமீட்டருக்கே ஒன்று. பாப்பின் என்ற தின்பண்டம் கொடுத்தால் உடனே உற்சாகம் வரும். மோட்டாரில் சுற்றினால் தூரம் ஏறாது. விளையாட்டு மெதுவான வேகத்தை மட்டுமே நடை என்று எடுத்துக்கொள்ளும்.

நண்பரோடு மீனை மாற்றிக்கொள்வதிலும் கேண்டி உண்டு. இரண்டு மீனும் பிடிபட்ட இடங்களுக்கு நடுவே 10 கிலோமீட்டருக்குள் என்றால் 1, நூறு வரை 2, நூறுக்கு மேல் 3. கோலாலம்பூரில் பிடித்த மீன் என்றால் 2-தான். ஈப்போ, பினாங்கில் பிடித்தது என்றால் 3. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் திரும்பும் பிள்ளைகளிடம், அங்கே பிடித்த மேஜிகார்ப்பை அனுப்பிவிடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். மாற்றிக்கொண்ட பிறகு அதை அனுப்பினால் இன்னும் ஒன்று.

ஆத்தங்கரை:
தம்பி ரப்பர் ஸ்டோர், அந்த 399 கணக்கு பலருக்கு உதவும். நன்றி.

வானிலையையும் சேர்க்கிறேன். மழை என்றால் நீர், மின்சாரம், பூச்சி மூன்று வகைக்கும் சாதகம். அப்போது மேஜிகார்ப் கூடுதலாக வரும். பிடிபடும் மீனின் நிலை சாதாரணமாக 30-ஓடு முடியும், அப்போது 35 வரை போகும். பிடித்தால் கிடைக்கும் நட்சத்திரத் தூசி 100-க்குப் பதில் 125. நம் பக்கம் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடிமழை. ஆனால் விளையாட்டு நம் தலைக்கு மேல் இருக்கும் வானத்தைப் பார்ப்பதில்லை. பெரிய வட்டாரத்துக்கு மணிக்கு ஒரு தடவை முன்கணிப்பை எடுத்துக்கொள்கிறது. வெளியே கொட்டும்போது திரையில் மேகம் மட்டும் தெரியும், வெயில் வந்த பிறகு மழைச் சின்னம் தெரியும். ஆக நனையத் தேவையில்லை. மழை விட்ட பிறகு திரையைப் பாருங்கள். இடி இருக்கும்போது திடலிலும் தனி மரத்தடியிலும் நிற்கவே கூடாது.

செம்பனை நிழல்:
தோட்டத்துக்குள் ஆடுகிறவர்களுக்கு. வளர்ந்த செம்பனைக்கு அடியில் ஜிபிஎஸ் தள்ளாடும். நின்ற இடத்திலேயே உங்கள் உருவம் இந்தப் பக்கம் ஓடும், அந்தப் பக்கம் ஓடும். ஓலை வானத்தை மறைப்பதுதான் காரணம். சின்னக் கன்று நட்ட பக்கத்தில் அப்படி இல்லை. மேஜிகார்ப் திரையில் தெரிந்து, தட்டும்போது கைக்கு எட்டாமல் போனால் லோரிப் பாதைக்கு வந்து ஒரு நிமிஷம் அசையாமல் நில்லுங்கள், சரியாகும். ஓலை அடுக்கின்மேல் ஏறிக் கிட்டே போகப் பார்க்காதீர்கள், பாம்பு தங்குவது அதில்தான். அறுவடை நடக்கும் வரிசையில் தலைக்கு மேலே அரிவாள் இருக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

கான் முனையில் செவ்வாய் 5:40-க்கு ஒன்று, சி.பி. 211, மேகமூட்டம்.

கோப்பிக் கடை:
211 நல்ல மீன், விடாதீர்கள். மேஜிகார்ப்பின் சி.பி. எண் பலரை ஏமாற்றுகிறது. மற்ற போக்கிமோனோடு ஒப்பிட்டு 200 என்றால் குப்பை என்று அனுப்பிவிடுகிறார்கள். இது காட்டில் பிடிபடும்போது 300-ஐத் தொடவே முடியாது. 30-ஆம் நிலையில் மூன்று பட்டையும் நிறைந்த மீனுக்கு 235. அது கியாரடோஸ் ஆனால் 2907. அதே தரத்தில் மழையில் 35-ஆம் நிலையில் பிடித்தது 255, மாறினால் 3149. மாற்றுவதற்கு முன் மதிப்பீட்டைத் திறந்து தாக்குதல், தற்காப்பு, உயிர் மூன்று பட்டைகளையும் பாருங்கள். மாறினாலும் பட்டைகள் மாறாது. 400 கேண்டி சேர்ந்த அவசரத்தில் கையில் இருந்த முதல் மீனை மாற்றியவர்கள் இன்னொரு 400-க்குத் திரும்ப நடக்கிறார்கள். இது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் தவிர்த்திருக்கலாம்.

தங்க நிற மேஜிகார்ப் பற்றியும் கேட்டார்கள். போக்கிமோன் கோவில் மின்னும் வகையாக முதலில் வந்ததே இதுதான், 2017 மார்ச்சில். வரைபடத்தில் நிறம் தெரியாது. தட்டி உள்ளே போனால்தான் தெரியும். உங்களுக்குத் தங்கமாக வந்தது பக்கத்தில் நிற்பவருக்குச் சிவப்பாக இருக்கலாம். மாற்றினால் சிவப்புக் கியாரடோஸ். ஆகவே வேண்டாம் என்றாலும் ஒவ்வொன்றையும் ஒரு தடவை தட்டிப் பாருங்கள்.

கனமான மீனுக்குத் தனிப் பதக்கமும் உண்டு. 13.13 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். வெண்கலத்துக்கு 3, வெள்ளிக்கு 50, தங்கத்துக்கு 300.

மூணாவது டிவிசன்:
பலூனை மறந்துவிட்டோம். ஸ்டாப் இல்லாத லயத்து வீட்டுக்கும் ராக்கெட் என்ற வில்லன் கூட்டத்தின் பலூன் வரும். நள்ளிரவு 12, காலை 6, பகல் 12, சாயங்காலம் 6, இந்த நான்கு வேளைக்கும் ஒவ்வொன்று. வேளைக்குள் செயலியைத் திறந்தால்தான் வரும், விட்டால் அந்த வேளை போனதுதான். நீரைப் பற்றி மிரட்டிப் பேசுகிற ஆண் அடியாளிடம் இருள் (ஷேடோ) மேஜிகார்ப் இருந்து வந்திருக்கிறது. பட்டியல் அவ்வப்போது மாறும், ஆனாலும் அவனைக் கண்டால் விடாதீர்கள். மூன்றாவதாகக் கியாரடோஸை இறக்கலாம் என்பதால் உங்கள் அணியில் ஒரு மின்சார வகை இருக்கட்டும். கியாரடோஸ் நீரும் பறப்பும் கலந்தது. மின்சாரம் அதன்மேல் இரட்டிப்பாக விழும், 2.56 மடங்கு.

இருள் மீனைச் சுத்திகரித்தால் 400-க்குப் பதில் 360 கேண்டி போதும், பட்டைகளும் இரண்டிரண்டு கூடும். சுத்திகரிக்காமல் வைத்தால் தாக்குதல் 20 விழுக்காடு கூடுதல், அடியும் கூடுதலாக வாங்கும். ரெய்டு (பலர் சேர்ந்து ஒரு பெரிய போக்கிமோனோடு மோதுவது) ஆடுகிறவர்கள் இருளாகவே வைத்துக்கொள்ளலாம், மற்றவர்கள் சுத்திகரித்து 40 கேண்டி மிச்சம் பிடிக்கலாம்.

ரப்பர் ஸ்டோர்:
கியாரடோஸ் ஆன பிறகு தாக்குதலைப் பாருங்கள். வாட்டர்பால், டிராகன் பிரெத், பைட் மூன்றில் ஒன்று விரைவுத் தாக்குதலாக வரும். ரெய்டுக்கு வாட்டர்பாலும் ஹைட்ரோ பம்பும். ஆளோடு ஆள் மோதுவதற்கு டிராகன் பிரெத், அக்குவா டெயில், கிரஞ்ச். அக்குவா டெயில் 2020 ஆகஸ்டு சமூக நாள் நிகழ்வில் கொடுத்தது. அன்று மாற்றாதவர்களுக்கு எலைட் டி.எம். (தாக்குதலை மாற்றும் பொருள்) தேவை.

ஜிம்மில் (அணிகள் போட்டி போட்டுப் பிடிக்கும் இடம்) போக்கிமோனை வைப்பது பற்றி: பத்து நிமிஷத்துக்கு 1 நாணயம், நாளுக்கு 50 வரைதான். 8 மணி 20 நிமிஷத்தில் 50 ஆகிவிடும். கோலாலம்பூரில் மீன் ஒரு மணி நேரத்தில் விழும். இங்கே நாலு நாள் யாரும் தொடாமல் நிற்கும், திரும்பி வரும்போது மொத்தமாக 50 மட்டுமே. அதனால் மாரியம்மன் கோயில் ஜிம்மில் வேறு அணிக்காரர்களோடு ஒரு ஏற்பாடு வைத்துக்கொள்ளுங்கள்: காலையில் ஒருவர், இரவில் மற்றவர் எதிர் அணியின் போக்கிமோனை இறக்கிவிடட்டும். இரண்டு பேருக்கும் தினம் 50.

செம்பனை நிழல்:
புதிய ஸ்டாப்புக்கு விண்ணப்பிக்கிறவர்கள் தமிழ்ப் பள்ளியைப் போடாதீர்கள். தொடக்கப்பள்ளி, இடைநிலைப்பள்ளி வளாகம் விதிப்படி ஏற்கப்படாது, வீடுகளும் அப்படியே. கோயில் கோபுரம், திடலின் நினைவுக்கல், சமூக மண்டபம் இவை போகும். ஒரு கோயிலின் நான்கு சன்னிதியையும் தனித்தனியாகப் போட்டாலும் ஒரே சின்னக் கட்டத்துக்குள் ஒன்றுதான் விளையாட்டில் தெரியும். ஆகவே தள்ளித் தள்ளி இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

வரைபடத்தில் இல்லாத குளத்தை வரைந்து மீன் வரவழைக்கலாம் என்று ஒருவர் கேட்டிருந்தார். விளையாட்டு எடுத்துக்கொள்வது ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவு. உண்மையில் இருக்கிற குட்டை விடுபட்டிருந்தால் தாராளமாகச் சேர்க்கலாம், ஊருக்கே நல்லது. இல்லாத குளத்தை வரைவது மற்றவர்களின் வழியைக் கெடுக்கும், நீக்கியும் விடுவார்கள். சரியாக வரைந்தாலும் விளையாட்டுக்குள் வந்து சேர மாதக் கணக்கு ஆகும்.

தாமான் பையன்:
அண்ணன்களுக்கு வணக்கம். நின்டெண்டோ சுவிட்ச்சில் போக்கிமோன் ஆடுகிறவர்களுக்கும் இரண்டு வரி. அங்கே கேண்டி இல்லை, நிலை 20 வந்தால் மாறிவிடும். 15 வரை ஸ்பிளாஷ் மட்டும், அது ஒன்றும் செய்யாது. 15-இல் டேக்கிள் வரும். அதுவரை அணியில் வைத்திருந்தாலே சண்டையின் அனுபவப் புள்ளியில் பங்கு கிடைக்கும். ரெட், புளூ என்ற முதல் விளையாட்டுகளின் காலத்தில் மூன் மலைக்குப் பக்கத்துப் போக்கிமோன் மையத்தில் ஒருவர் இதை 500 யென்னுக்கு விற்பார். பலர் ஏமாந்தோம் என்று நினைப்பார்கள், ஆனால் பொறுமையாக 20 வரை வளர்த்தவருக்கு அந்த நேரத்தில் அதைவிடப் பலமான போக்கிமோன் கிடைப்பது அரிது.

ஆத்தங்கரை:
தம்பி, நல்லது.

இன்று பார்த்தது: பாலம் 6:12, மேஜிகார்ப், மழை, சி.பி. 188. கோயில் குளம் 6:25, வேறு ஏதோ பறவை. கான் முனை 6:40, மேஜிகார்ப், மழை, சி.பி. 97, எடை 13.6 கிலோ.