மறு: அகழாய்வில் ‘பால்க்’ – வரப்பு என்றே சொல்லலாமா?

> ‘இடைச்சுவர்’ என்றே வைத்துக்கொள்வோம். பார்க்கச் சுவர் மாதிரிதானே நிற்கிறது?

அனைவருக்கும் வணக்கம். அகழாய்வுக் குழிகளுக்கு நடுவே தோண்டாமல் விடும் மண்பட்டையை ஆங்கிலத்தில் பால்க் (baulk) என்பார்கள். அதன் செங்குத்துப் பக்கத்தில்தான் மண்ணடுக்குகள் தெரியும். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்பதே நம் பேச்சு.

நிற்பது சுவர் மாதிரிதான் ஐயா. ஆனால் அகழாய்வில் சுவர் என்பது தோண்டிக் கண்டெடுப்பது. பால்க் என்பது தோண்டாமல் விட்டுவைப்பது. பாலஸ்தீனத்தின் பழைய நகரமான எரிகோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1930களில் அங்கே தோண்டிய ஜான் கார்ஸ்டாங், இடிந்து கிடந்த சுடாத செங்கல் மதில் ஒன்றை, எரிகோவைப் பிடித்ததாகப் பைபிள் சொல்லும் யோசுவாவின் காலத்தது என்றார். 1952 முதல் 1958 வரை அதே இடத்தில் தோண்டிய கேத்லீன் கென்யன், மண்ணடுக்குகளை வைத்து அந்த மதில் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு மூத்தது என்று காட்டினார். இந்த விவாதத்தைத் தமிழில் எழுதும்போது ‘இடைச்சுவரில் தெரிந்த அடுக்குகள்’ என்று போட்டால், படிப்பவர் மதிலுக்குள்ளேயே அடுக்கைத் தேடுவார்.

> அப்படியானால் ‘இடைமேடு’?

மேடு ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. மக்கள் வாழ்ந்து வாழ்ந்து உயர்ந்த தொல்லியல் மேட்டுக்கு வேறு சொல் நம்மிடம் இல்லை. அதைப் பிடுங்க வேண்டாம்.

என் முன்மொழிவு: வரப்பு. நிலத்தைச் சதுரங்களாகப் பிரித்து, நடுவே ஒரு பட்டை மண்ணை விட்டுத் தோண்டும் முறையைப் பரப்பியவர் மார்ட்டிமர் வீலர். 1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்தவர், இங்குள்ள மாணவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். அப்படித் தோண்டிய இடத்தை மேலிருந்து பார்த்தால் அசல் வயல்தான். மண்கூடையோடு நடப்பதும் அதன் மேல்தான். பால்க் என்ற ஆங்கிலச் சொல்லுக்கே உழாமல் விட்ட நிலப்பட்டை என்றுதான் பழைய பொருள். நாம் எதையும் வலிந்து பொருத்தவில்லை.

> வரப்பு மண்ணை அணைத்துக் கட்டுவது. இது வெட்டாமல் விடுவது. பொருள் பிசகுகிறதே?

நியாயமான கேள்வி. ‘விடுவரப்பு’ என்று அடை சேர்த்துப் பார்த்தேன், கொஞ்சம் செயற்கையாக இருக்கிறது. அகழாய்வு என்ற சூழலே வேறுபாட்டைக் காட்டிவிடும் என்று நினைக்கிறேன். வினைகளோடு சேர்த்துப் பாருங்கள்: வரப்பு விட்டுத் தோண்டினார்கள், மழையில் வரப்பு சரிந்தது, கடைசியில் வரப்பை எடுத்தார்கள். அடுக்குகளை வரையும் பக்கம் வரப்புமுகம். ‘இடைச்சுவரை எடுத்தார்கள்’ என்று எழுதினால் தொல்பொருளையே இடித்துவிட்டார்களோ என்று பதற வேண்டியிருக்கும்!

இந்த ‘வரப்பை எடுத்தல்’ சின்ன விஷயமில்லை. ஐந்து மீட்டர் கட்டத்துக்கு ஒரு மீட்டர் வரப்பு என்று வைத்தால், 25 சதுர மீட்டரில் 16தான் தோண்டுகிறோம். மெல்லிய மரக்கட்டடத்தின் தடம் மிச்சம் ஒன்பதுக்குள் ஒளிந்துகொள்ளலாம். அதனால்தான் பிலிப் பார்க்கர் போன்ற தொல்லியலாளர்கள் வரப்பே விடாமல் முழுப் பரப்பையும் திறந்து தோண்டினார்கள். இங்கிலாந்தில் உள்ள பழைய ரோமானிய நகரமான ரோக்சிட்டரில் 1966 முதல் அவர் செய்த வேலை இந்த வகை. அதை ‘வரப்பிலா அகழாய்வு’ என்றால் வீலரோடு அவருக்கு எங்கே முரண் என்பது பெயரிலேயே தெரியும். ‘திறந்தவெளி அகழாய்வு’ என்று ஒருவர் முன்பு எழுதியிருந்தார். எல்லா அகழாய்வும் திறந்தவெளியில்தானே நடக்கிறது?

பால்க்கை வரப்பு என்று முடித்துவிடலாம் என்பது என் கட்சி. வரப்புமுகத்தில்தான் எனக்கு உறுதியில்லை. வரப்பு இல்லாத குழிக்கும் செங்குத்துப் பக்கம் உண்டு. அதையும் சேர்த்துச் சொல்ல ‘வெட்டுமுகம்’ பொருந்துமா? களத்தில் தோண்டுபவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.