லாங்லி பிள்ளைகளின் பாட்டு: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

பனிவேலி, சர்ரே, பிரிட்டிஷ் கொலம்பியா

கனடாவின் லாங்லிப் பகுதிப் பள்ளிப் பிள்ளைகள் பாடிய ஒலிப்பதிவைக் கேட்டவர்கள் இந்த இணைய மன்றத்தில் பலர் இருப்பதால் அதன் கதையை நீட்டவில்லை. ஹான்ஸ் ஃபெங்கர் என்ற கிதார்க்காரர், பிள்ளைகளுக்கு இசை கற்பிக்கும் முறைகளை ஏறக்குறைய எதுவுமே அறியாமல் 1970களின் நடுவில் லாங்லிப் பகுதியின் தொடக்கப்பள்ளிகளில் இசையாசிரியராகச் சேர்ந்தார். பீச் பாய்ஸ், டேவிட் போவி, ஈகிள்ஸ் என்று தமக்குப் பிடித்த ராக் இசைக்காரர்களின் பாடல்களையே சொல்லிக்கொடுத்தார். 1976, 1977 ஆண்டுகளில் பள்ளியின் உடற்பயிற்சிக்கூடத்தில் அவற்றைப் பதிவு செய்தார். நான் வசிப்பது அதற்கு அடுத்த ஊரில். ஒரு தொடக்கப்பள்ளியில் ஆசிரியருக்கு உதவியாளராக வேலை செய்கிறேன்.

கடந்த டிசம்பரில் குளிர்கால நிகழ்ச்சிக்காக மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. ஓரத்தில் நின்ற ஒரு சிறுமி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, எங்கோ தொலைவில் எதையோ தேடுகிறவள் போல, மிகவும் ஊன்றிப் பாடிக்கொண்டிருந்தாள். நான் அவளருகே குனிந்து, இரண்டு விரல்களால் என் வாயோரங்களை உயர்த்திக் காட்டி, சிரித்துக்கொண்டு பாடும்படி சொன்னேன். அவள் உடனே சிரித்தாள். அதன்பிறகு அவள் உதடுகள் அசைந்தனவே தவிரக் குரல் வரவில்லை. நிகழ்ச்சி நாளிலும் அப்படியே நின்றாள்.

அதே வாரத்தில்தான் பள்ளியின் வாகன நிறுத்துமிடத்தில் காரை நிறுத்திவிட்டு அந்த ஒலிப்பதிவில் உள்ள ஈகிள்ஸின் ‘டெஸ்பராடோ’ பாட்டைக் கேட்டேன். பாடுபவள் ஒன்பது வயதுச் சிறுமி. ஒரு பியானோவும் அவள் குரலும் மட்டுமே. அவள் அழவும் இல்லை, கொஞ்சவும் இல்லை. தனித்துப்போன ஒரு மனிதனிடம் சொல்லவேண்டியதைச் சொல்லுகிறாள், அவ்வளவுதான். குரல் மேலே ஏறும் வரிக்கு முன் அவள் மூச்சு இழுக்கும் இடத்தில் எனக்கு அந்த ஓரத்துச் சிறுமியின் நெற்றிச் சுருக்கம் கண்முன் வந்தது. மணி அடித்தும் இறங்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். சிறுவர் பாட்டு என்று பெரியவர்கள் கருதும் கொஞ்சல் பாட்டுகளைப் பிள்ளைகள் வெறுத்தார்கள் என்றும், தனிமையையும் சோகத்தையும் சொல்லும் பாட்டுகளையே போற்றினார்கள் என்றும் ஃபெங்கர் பின்னாளில் எழுதியதை அன்றிரவுதான் படித்தேன். ஒரு வாரம் முன்னதாகப் படித்திருக்கலாம்.

உங்களுக்கு இப்படி ஏதாவது நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

கொழும்புத்துறையான், ஸ்கார்பரோ

யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் கனடாவுக்கு வந்து சேர்ந்தபோது எனக்குப் பத்து வயது. ஆங்கிலத்தில் என் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் தவிர வேறொன்றும் சொல்லத் தெரியாது. எங்கள் இசை வகுப்புக்குச் சில வாரங்கள் ஒரு பதிலாசிரியர் வந்தார். அவர் வழக்கமாக உடற்பயிற்சி வகுப்பு நடத்துபவர். கழுத்தில் விசில் தொங்கியபடியே கிதார் வாசிப்பார்.

ஃபெங்கர் பயன்படுத்திய அதே வகை ஓர்ஃப் கருவிகள் எங்கள் பள்ளியிலும் இருந்தன. ஜெர்மனியில் கார்ல் ஓர்ஃபும் குனில்ட் கீட்மானும் பிள்ளைகளுக்காக உருவாக்கிய முறையைச் சேர்ந்தவை அவை. ஒரு மரப்பெட்டியின்மேல் உலோகப் பட்டைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பட்டையையும் தனியே கழற்றி எடுத்துவிடலாம். இதைப் பார்க்காதவர்களுக்கு அதன் பெருமை புரிவது கடினம். பாட்டுக்குத் தேவையில்லாத பட்டைகளை எடுத்துவிட்டால், குழந்தை எதைத் தட்டினாலும் அது பாட்டுக்குள்ளேயே விழும்.

அந்த ஆசிரியர் எனக்கு முன்னால் இருந்த பெரிய பெட்டியில் எல்லாப் பட்டைகளையும் கழற்றி இரண்டை மட்டும் விட்டார். இ, சி என்ற இரண்டு சுரங்கள். பிறகு எதுவும் விளக்காமல், கிதாரைத் தொடங்கி, என்னைப் பார்த்துத் தலையை இடப்பக்கம் சாய்த்தால் ஒன்று, வலப்பக்கம் சாய்த்தால் மற்றொன்று என்று காட்டினார். முப்பது பிள்ளைகள் பாடினார்கள். அவர்களின் குரல்களுக்குக் கீழே, தரையிலிருந்து வருவதுபோல, நான் தட்டிய ஒலி எழுந்தது. நாடு மாறியபின் நான் செய்த ஒரு காரியத்துக்காக மற்றவர்கள் காத்திருந்தது அதுவே முதல் முறை. நான் தட்டாமல் அவர்களால் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை.

அந்தப் பாட்டு பீட்டில்ஸின் ‘எலினோர் ரிக்பி’ என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் தெரிந்தது. பெரும்பாலும் இரண்டே கார்டுகளில் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகளில்) நகரும் பாட்டு. யாருமே வராத ஒரு நல்லடக்கத்தைப் பற்றியது. பொருள் தெரியாமல் அந்தப் பாட்டைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த ஆசிரியரின் முகம் மறந்துவிட்டது. தலையைச் சாய்த்த விதம் மறக்கவில்லை.

சுருதிப்பெட்டி, சிங்கப்பூர்

பனிவேலி அவர்களே, நீங்கள் உங்களையே அளவுக்கு மீறி நொந்துகொள்கிறீர்கள் என்று தோன்றுகிறது. மேடையில் நிற்கும் பிள்ளைக்கு முகபாவம் சொல்லிக்கொடுப்பது குற்றம் ஆகாது. என் அனுபவம் சிறியது: கர்நாடக இசை கற்க என்னிடம் வரும் ஒரு மாணவி அந்த லாங்லிப் பதிவைக் கொண்டுவந்து போட்டுக்காட்டினாள். சுருதி விலகும் இடங்களில் எல்லாம் என் கை தானாக மேசையைத் தட்டியது. அவள் அதைக் கவனித்துப் பாட்டை நிறுத்திவிட்டாள். அன்று நான் எதை நிறுத்தினேன் என்ற கேள்வி இன்னும் உறுத்துகிறது. ஆனாலும் சுருதி விலகியதை விலகவில்லை என்று என்னால் சொல்ல முடியாது.

இப்படிப் பள்ளியில் ராக் பாடல்கள் கற்பிக்க நினைப்பவர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். முதலாவது, அசல் பாடகரின் சுருதியிலேயே பிள்ளைகளைப் பாட வைக்காதீர்கள். ஆண்கள் ஒரு கட்டை சுருதியை ஒட்டியும் பெண்கள் ஐந்து கட்டை சுருதியை ஒட்டியும் பாடும் வழக்கம் நமக்குத் தெரியும். அதுபோலவே எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கும் தங்களுக்கு இதமான எல்லை ஒன்று உண்டு. மேற்கத்திய சுரப்பெயரில் நடு ‘டி’யிலிருந்து மேல் ‘டி’ வரையிலான ஒரு ஸ்தாயிக்குள் பாட்டு பெரும்பாலும் அடங்குமாறு சுருதியை மாற்றிக்கொண்டால், அவர்கள் கத்தவும் மாட்டார்கள், முனகவும் மாட்டார்கள். இரண்டாவது, ஆண் ஆசிரியர் பாடிக்காட்டும்போது குரல் ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பதால் சில பிள்ளைகள் அந்தக் கீழ்க்குரலைப் பிடிக்க முயன்று தடுமாறுவார்கள். அவர்களுக்குச் சுருதிஞானம் இல்லை என்று முடிவு கட்டாமல், நன்றாகப் பாடும் இன்னொரு பிள்ளையைப் பாடச்சொல்லிக் காட்டுங்கள். மூன்றாவது, முதல் நாளிலேயே மேளமும் கிதாரும் வேண்டாம். வெறும் தம்புரா ஒலியிலோ, ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கும் விசைப்பலகையிலோ பாட்டை நிலைநிறுத்திவிட்டுப் பிறகு தாளத்தைச் சேருங்கள். நான்காவது, சொற்களின் பொருளை முதலில் பேசுங்கள். பொருள் தெரிந்து பாடும் பிள்ளைக்கு முகபாவத்தைத் தனியே சொல்லவேண்டியதில்லை. இந்த நான்காவதில் பனிவேலி அவர்களோடு நான் ஒத்துப்போகிறேன் என்பதை இதை எழுதும்போதுதான் உணர்கிறேன்.

நாடாச்சுருள், மிசிசாகா

சுருதிப்பெட்டி ஐயா அவர்களுக்கு மரியாதையுடன் மறுப்பு. நான் ஒலிப்பதிவு வேலை செய்பவன். லாங்லிப் பதிவு இரண்டு தடங்கள் மட்டுமுள்ள நாடாவில், எல்லோரும் ஒரே நேரத்தில் பாடியும் வாசித்தும் எடுக்கப்பட்டது. ஒரு குரலைத் தனியே பிரித்துத் திருத்தவே முடியாது. அதில் உள்ள டேவிட் போவியின் ‘ஸ்பேஸ் ஆடிட்டி’ பாட்டில் விண்கலம் புறப்படும் இடத்தைக் கேளுங்கள், அத்தனை பிள்ளைகளும் அத்தனை கருவிகளும் சேர்ந்து எழுப்பும் இரைச்சலை அந்தக் கூடத்தின் சுவர்களே வாங்கித் திருப்பித் தருகின்றன. போவியே அதன் பின்னணி இசையமைப்பை வியந்து பாராட்டியிருக்கிறார். சுருதி நூலளவு விலகாமல் இருந்திருந்தால் அவர் வியந்திருப்பாரா என்பது ஐயம்.

இதை நான் வாதத்துக்காகச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் பாடிய ராக் பாடல்களைப் பதிவு செய்தேன். கணிதம் கற்பிக்கும் ஓர் ஆசிரியை தம் ஓய்வு வேளையில் அவர்களைப் பழக்கியிருந்தார். நான் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி ஒலிவாங்கி வைத்தேன். பிறகு மூன்று இரவுகள் உட்கார்ந்து, விலகிய சுரங்களையெல்லாம் கணினியில் இழுத்து நேராக்கினேன். நன்மை செய்வதாகவே நினைத்தேன். வகுப்பறையில் எல்லோருக்கும் போட்டுக்காட்டியபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு சிறுவன் மட்டும் ஒலிபெருக்கியின் அருகே வந்து, காதை வைத்துக் கேட்டுவிட்டு, “இதில் நான் எங்கே இருக்கிறேன்?” என்று கேட்டான். இரண்டாம் வரியில் சற்றுத் தாழ்ந்து ஒலித்த குரல் அவனுடையது. அதை நான் உயர்த்திவிட்டிருந்தேன். “எல்லோரோடும் சேர்ந்து இருக்கிறாய்” என்றேன். அவன் தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தான். நம்பவில்லை என்பது தெரிந்தது.

ஃபெங்கரின் இசைத்தட்டுகள் பிள்ளைகளுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் என்று அச்சிடப்பட்டவை. ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்து, 2000ஆம் ஆண்டில், விக்டோரியா நகரில் பழைய பொருட்கள் விற்கும் கடையொன்றில் ஒருவர் கண்ணில் பட்டு, வானொலி நிகழ்ச்சியாளர் இர்வின் சூசிட் கைக்குப் போய், 2001இல் ‘இன்னொசென்ஸ் அண்ட் டிஸ்பேர்’ என்ற பெயரில் உலகத்துக்கு வந்தன. வளர்ந்து நடுவயதை நெருங்கிவிட்ட அந்தப் பிள்ளைகள் அதைக் கேட்டபோது தங்கள் குரல் எது என்று கண்டுபிடித்திருக்க முடியும். நான் பதிவு செய்த பிள்ளைகளுக்கு அது முடியாது. திருத்தாத மூலக்கோப்புகளை இடம் போதவில்லை என்று அழித்துவிட்டேன். ஒலிப்பதிவு செய்யும் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், மூலக்கோப்புகளை அழிக்காதீர்கள். அதிலிருந்து ஒரு பிரதியைப் பள்ளிக்கும் கொடுத்துவிடுங்கள்.

ஏழாம்படி, நியூ ஜெர்சி

சுருக்கமாக ஒன்று. ஒழுங்கா உணர்ச்சியா என்று இரண்டாகப் பிரித்துப் பேசவேண்டியதில்லை என்பது என் எண்ணம். நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டில் உள்ள பி.எஸ். 22 என்ற அரசுப் பள்ளியில் கிரெக் பிரைன்பெர்க் 2000ஆம் ஆண்டு தொடங்கிய பாடகர் குழு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளால் ஆனது. 2011 ஆஸ்கர் விழாவின் முடிவில் அவர்கள் பாடியதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, அவர்களுடைய பள்ளிப் பயிற்சிக் காணொளிகளைத் தேடினேன். சுருதி சேர்ந்துதான் இருக்கிறது. ஆனால் ஒரு பிள்ளை கண்ணை மூடிக்கொள்கிறது, ஒரு பிள்ளை கையால் காற்றைப் பிடிக்கிறது, ஒரு பிள்ளை முகத்தைச் சுளிக்கிறது. என் மகள் அதைப் பார்த்துவிட்டு, “இவர்களை யாரும் நேராக நிற்கச் சொல்லவில்லையா?” என்று கேட்டாள். அவளும் தன் பள்ளியின் பாடகர் குழுவில் இருந்தவள்தான். அதே மாதம் விலகிவிட்டாள். காரணத்தை நான் அப்போது கேட்கவில்லை.

பனிவேலி

எழுதிய எல்லோருக்கும் நன்றி. சுருதிப்பெட்டி ஐயா, நீங்கள் சொன்ன கீழ்க்குரல் தடுமாற்றம் எங்கள் வகுப்பில் இரண்டு பையன்களுக்கு இருக்கிறது. இவ்வளவு நாளாகக் காரணம் புரியாமல் இருந்தேன். அந்தச் சிறுமி இப்போது நான்காம் வகுப்பு. என் பொறுப்பில் இல்லை. தாழ்வாரத்தில் பார்த்தால் கையசைப்பாள். செவ்வாய்க்கிழமைகளில் மதிய உணவு இடைவேளையில் இசையறையைத் திறந்துவைக்க அனுமதி வாங்கியிருக்கிறேன். லாங்லிப் பிள்ளைகளும் பாடிய பீச் பாய்ஸின் ‘இன் மை ரூம்’ பாட்டைக் கற்பிக்கலாம் என்று எண்ணுகிறேன். அவளிடமும் சொன்னேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

கொழும்புத்துறையான் அண்ணா, ஒன்று கேட்கவேண்டும். எங்கள் பள்ளியிலும் அந்தக் கருவிகள் இருக்கின்றன. கழற்றிய பட்டைகளை உங்கள் ஆசிரியர் எங்கே வைப்பார்? இங்கே தொலைந்துபோகும் என்று பயந்து யாரும் கழற்றவே விடுவதில்லை.

கொழும்புத்துறையான்

ஒரு துணிப்பையில் போட்டு, வகுப்பில் மிகவும் குழப்படி செய்யும் பையனின் மடியில் வைப்பார். பாட்டு முடியும்வரை அவன் அசையமாட்டான். ஒரு பட்டைகூடத் தொலைந்ததாக எனக்கு நினைவில்லை.