நீலகிரியில் அழியும் நிலையில் உள்ளவை: பள்ளிக் கண்காட்சிக்கு எதை வைப்பது?

குந்தா டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். குந்தா பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். அடுத்த மாதம் கண்காட்சி. ‘நம் மாவட்டத்தில் அழியும் நிலையில் உள்ள விலங்குகள், செடிகள்’ என்ற தலைப்பை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எடுத்திருக்கிறார்கள். சுவரில் பத்து சார்ட் ஒட்டத்தான் இடம். பிள்ளைகள் எழுதிக்கொண்டு வந்த பட்டியல்: புலி, யானை, சிறுத்தை, காட்டுமாடு, கரடி, வரையாடு, கழுகு, மயில், சிட்டுக்குருவி, குறிஞ்சி.

இதில் பாதி சரியா என்று எனக்கே சந்தேகம். காட்டுமாடு நம் பள்ளி மைதானத்திலேயே வந்து மேய்கிறதே, அது எப்படி அழியும் நிலை என்று ஒரு பையன் கேட்டான், சட்டென்று பதில் வரவில்லை. செடிகளில் குறிஞ்சியைத் தாண்டி யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. இணையத்தில் தேடினால் இந்தியா முழுமைக்கும் சேர்த்துத்தான் பட்டியல் கிடைக்கிறது. இந்த மலைக்கென்று எதை வைக்கலாம், எதை எடுக்கலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சோலைக்காற்று (குன்னூர்):

டீச்சர், முதலில் மயிலையும் சிட்டுக்குருவியையும் எடுத்துவிடுங்கள். இரண்டுமே உலக அளவில் ஆபத்துப் பட்டியலில் இல்லை. மயில் இப்போது கோத்தகிரி, குன்னூர் உயரத்துக்கே ஏறி வருகிறது, மலை சூடாகி வறண்டு வருவதுதான் காரணமோ என்று பலரும் கவலைப்படுகிறார்கள், அது தனிக் கதை.

அந்தப் பையன் கேட்டது ரொம்பச் சரியான கேள்வி, அதையே ஒரு சார்ட்டாகப் போடலாம். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் (ஐயுசிஎன்) வைத்திருக்கும் சிவப்புப் பட்டியலில் மிக அருகியது, அருகியது, அழிவாய்ப்பு உள்ளது என்று படிகள் உண்டு. அது உலகம் முழுக்கப் பார்த்துச் சொல்வது. காட்டுமாடு, கரடி, சிறுத்தை மூன்றும் அழிவாய்ப்புப் படியில் இருக்கின்றன, யானையும் புலியும் செந்நாயும் அதைவிட மோசமான அருகிய படியில். உலகத்தில் குறைந்துபோன ஒன்று நம் தெருவில் நிறைய இருக்க முடியும். நீலகிரிச் சிரிப்பான் என்று ஒரு பறவை, தொட்டபெட்டாவில் கொஞ்ச நேரம் சும்மா நின்றாலே அதன் சிரிப்புச் சத்தம் கேட்கும், ஊட்டித் தோட்டங்களிலும் துள்ளும். ஆனால் இந்த மலையையும் இதை ஒட்டிய கொஞ்ச இடத்தையும் விட்டால் உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. இங்கே போனால் மொத்தமாகப் போனது. மயில் இடத்தில் அதை வையுங்கள்.

இன்னொன்று, பிள்ளைகளின் பட்டியலில் கண்ணில் படுவது மட்டும்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்த மாவட்டத்தில் உண்மையிலேயே அழியும் நிலையில் இருப்பது புல். சிரிக்காதீர்கள். முக்குருத்தி, அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கம் சோலைக்கு (மலைப் பள்ளங்களில் அடர்ந்திருக்கும் குட்டை மரக் காடு) நடுவில் மொட்டையாகத் தெரியும் அந்தப் புல்மலைகள் காடு வெட்டியதால் வந்தவை என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஊட்டியைச் சுற்றியுள்ள சதுப்பு மண்ணைத் தோண்டி ஆராய்ந்து, இங்கே புல்வெளி பல்லாயிரம் ஆண்டுகளாக இருந்து வந்திருக்கிறது என்று கண்டிருக்கிறார்கள். உறைபனியில் சோலை மரக்கன்று கருகிவிடும், புல் தாங்கும். வெள்ளைக்காரன் அதைத் தரிசு என்று கணக்கெழுதினான், சீகை மரமும் (வாட்டில், சீயக்காய் இல்லை) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டான். சுதந்திரத்துக்குப் பிறகும் நிறுத்தவில்லை, விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் ஆலைகளின் மரக்கூழுக்கும் என்று நம் ஆட்களும் நட்டுக்கொண்டே போனார்கள். அணைகள் கட்டியதில் பள்ளத்தாக்குப் புல்வெளிகள் தண்ணீருக்குள் போயின. மிச்சத்தில் தேயிலை, கேரட்.

வரையாடு அந்தப் புல்லை நம்பித்தான் இருக்கிறது. மாநில விலங்கு என்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் உண்டு, ஆனால் 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுக்கக் கிடைத்தது 1,031 தான். 2025இல் 1,303. தேடிய இடங்களும் கூடின, அதனால் ஒரே வருடத்தில் அவ்வளவு பெருகிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். நீலகிரி நெட்டைக்காலியும் அதே புல்லில் தரையோடு தரையாகக் கூடு கட்டும் பறவை, சீகை நுழைந்த இடத்தில் அது இருக்காது.

குறிஞ்சி இருக்கட்டும். 2024இல் அதை அழிவாய்ப்பு இனமாகச் சேர்த்துவிட்டார்கள். ஒரு எச்சரிக்கை: ஏதாவது ஒரு சரிவு நீலமாகத் தெரிந்தாலே ‘12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் அபூர்வம்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றிவிடுவார்கள். இங்கே குறிஞ்சி இனங்கள் நிறைய, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கணக்கு. 12 ஆண்டுக் குறிஞ்சி கடைசியாகப் பெரிய அளவில் பூத்தது 2018இல், அடுத்தது 2030.

மாயாற்றுக்காரன்:

கழுகு என்று பொதுவாகப் போடாதீர்கள் டீச்சர். பாறு கழுகு என்று போடுங்கள், பிணந்தின்னிக் கழுகு என்றால்தான் ஊரில் புரியும். நான் கால்நடைத் துறையில் வேலை பார்த்தவன், மசினகுடி பக்கமும் இருந்திருக்கிறேன், அதனால் இதை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

சீகூர் மேட்டுநிலமும் மாயாற்றுப் பள்ளத்தாக்கும்தான் தென்னிந்தியாவில் பாறு கழுகுக்கு மிச்சமிருக்கும் பெரிய இடம். வெண்முதுகுப் பாறு ஆற்றோரத்து நீர்மருதுகளில் கூடு கட்டும், கருங்கழுத்துப் பாறு செங்குத்துப் பாறைகளில். செம்முகப் பாறும் உண்டு. மூன்றும் மிக அருகியவை, அதாவது புலியைவிட ஒரு படி மோசம். புலிக்குக் கிடைக்கும் பேரும் பணமும் இதற்கு ஏது.

காரணம் வேட்டையும் இல்லை, காட்டழிப்பும் இல்லை. மாட்டுக்கு வலிக்குப் போடும் டைக்ளோஃபினாக் ஊசி. ஊசி போட்ட சில நாளில் மாடு செத்து, அதைக் கழுகு தின்றால் சிறுநீரகம் கெட்டுச் செத்துவிடும். ஒரு மாட்டில் ஒரு கூட்டமே உட்காரும், அதனால் விஷமுள்ள மாடு எப்போதாவது ஒன்று கிடந்தாலும் போதும். ஒரு ஜோடி வருடத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும், இழந்ததை எப்போது ஈடுகட்டுவது? 2006இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மனிதர்களுக்கான பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குப் போட ஆரம்பித்தார்கள். அதற்காக 2015இல் 3 மில்லிக்கு மேல் பாட்டில் கூடாது என்று வந்தது. 2023இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டையும் கால்நடைக்குத் தடை செய்தார்கள், அசிக்ளோஃபினாக் மாட்டின் உடம்புக்குள் போய் டைக்ளோஃபினாக்காகவே மாறுகிறது. கழுகுக்குக் கெடுதல் இல்லாதவை மெலாக்சிகமும் டால்ஃபெனமிக் அமிலமும்.

அப்புறம், மாட்டை அடித்த புலியைக் கொல்ல, மிச்சம் கிடக்கும் உடலில் பூச்சிமருந்தைத் தடவும் பழக்கம். 2023இல் அவலாஞ்சி பக்கம் இரண்டு புலிகள் செத்தது அப்படித்தான். அந்த மாட்டில் கழுகு இறங்கினாலும் அதே கதி.

ஹட்டிக்காரன்:

எல்லாம் சரிதான். ஆனால் நான் கேட்பதையும் அந்தச் சுவரில் ஒரு ஓரமாக எழுதுங்கள் டீச்சர். காலையில் தேயிலை பறிக்கப் போகும் பெண்களுக்கு முன்னால் காட்டுமாடு நிற்கிறது. கரடி கோயில் கதவை உடைத்து விளக்குக்கு வைத்த எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகிறது, சத்துணவு அறையையும் விடுவதில்லை. கேரட் போட்டால் பன்றி. நஷ்ட ஈட்டுக்கு மனுக் கொடுத்துவிட்டு எவ்வளவு அலைய வேண்டும் என்று இங்கே எழுதுபவர்கள் யாருக்காவது தெரியுமா? விஷம் வைப்பது தப்பு, நான் நியாயப்படுத்தவில்லை. ஒரு மாடு போனால் அந்த வீட்டின் பால் காசு மொத்தமும் போகிறது, பணம் உடனே கையில் வந்தால் எவனும் பூச்சிமருந்து வாங்கப் போக மாட்டான்.

சீகை மரத்தை வெட்டு வெட்டு என்று எல்லோரும் சொல்கிறார்கள். நாங்கள் அடுப்பெரிப்பதும் அதில்தான்.

மாயாற்றுக்காரன்:

ஹட்டிக்காரர் சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை. ஈட்டுத்தொகை தாமதமாவதுதான் பல இடங்களில் விஷத்தின் தொடக்கம்.

முத்துமலை:

சீகையைப் பற்றி ஒரு விஷயம். வெட்டினால் புல் தானாக வந்துவிடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் கிடக்கும், வெட்டி வெயில் பட்டதும் அல்லது தீ போனதும் மொத்தமாக முளைக்கும். அது வராத இடத்தில் மஞ்சள் பூப்பூக்கும் ஸ்காட்ச் புரூம் புதர் வந்து உட்காரும், சுற்றுலாக்காரர்கள் அதற்கு முன்னால் நின்று படம் எடுப்பார்கள். வருடாவருடம் ஆள் வைத்துக் கன்றைப் பிடுங்கி, பக்கத்தில் இருக்கும் நாட்டுப் புல்லைப் பெயர்த்து நட்டால்தான் கொஞ்சமாவது திரும்பும். சில பழைய சீகைத் தோப்புகளுக்கு அடியில் நிழலில் சோலை மரங்கள் தாமாக முளைத்து வருகின்றன, அங்கே கோடாரியை எடுத்துக்கொண்டு போகாமல் இருப்பதே நல்லது. ஒரே விதியை மலை முழுக்கப் போட முடியாது.

செடி கேட்டீர்கள் அல்லவா டீச்சர், தோடர்கள் கோயில் கூரை வேயும் புல்லை வையுங்கள். சதுப்பில் மட்டும் வளரும், நீலகிரிக்கே உரியது. சதுப்புகளை வடித்துக் காய்கறி போட்டாயிற்று, மிச்சத்தில் சீகை தண்ணீரை உறிஞ்சுகிறது, அதனால் ஒரு கூரைக்குப் போதுமான புல் சேர்க்க இப்போது வெகுதூரம் அலைய வேண்டியிருக்கிறது. சிவப்புப் பட்டியலில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், பக்கத்து மந்தில் (தோடர் குடியிருப்பு) பெரியவர் யாரிடமாவது மரியாதையாகக் கேட்டால் உங்கள் பிள்ளைகளுக்கு நேரிலேயே காட்டுவார்கள். இன்னொரு செடி வேண்டுமென்றால் சோலை ஓடையோரக் காசித்தும்பை, சில இனங்கள் இந்த மலையில் மட்டுமே இருக்கின்றன, நிழலும் ஈரமும் போனால் அவையும் போய்விடும்.

குந்தா டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. பட்டியலைப் பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது புல்மலை, சோலை, மாயாறு என்று சுவரை மூன்றாகப் பிரிக்கிறார்கள். காட்டுமாடு பற்றிக் கேட்ட பையனே ஹட்டிக்காரர் சொன்ன சார்ட்டை எழுதுகிறான், அவன் வீட்டிலும் தேயிலைதான். பாறு கழுகு சார்ட்டில் மருந்துப் பெயர்கள் போட வேண்டுமா, அல்லது பிள்ளைகளுக்கு அது அதிகமா?

மாயாற்றுக்காரன்:

கட்டாயம் போடுங்கள். தமிழில், பெரிய எழுத்தில், போடக் கூடாதவை சிவப்பு, போடலாம் என்பவை பச்சை. கண்காட்சி பார்க்க வருகிறவர்களில் மாடு வைத்திருப்பவர்கள் இருப்பார்கள், மருந்துக்கடையில் எதைக் கேட்டு வாங்குவது என்று அவர்களுக்குத் தெரிந்தால் போதும். டாக்டரைக் கேட்காமல் எந்த ஊசியும் போடக் கூடாது என்று கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.