படத்தைவிட டிரெய்லர் அதிகம் பயமுறுத்தியது உண்டா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

உப்பளம் வாசி:
அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு பாண்டியில் ஒரு கார்ட்டூன் படத்துக்குப் போயிருந்தேன். இடைவேளை முடிந்ததும் ஒரு பேய்ப்பட டிரெய்லர். பழைய வீடு, புதிதாகக் குடிவரும் குடும்பம், வழக்கமான சங்கதிதான். அரங்கம் முழுக்க பாப்கார்ன் கொறிக்கிற சத்தம். அப்புறம் ஒரு காட்சி: இரும்புக் கட்டில், அதன்மேல் மடித்து வைத்த போர்வை. கேமரா அசையவில்லை. இசையும் இல்லை. ஏசி ஓடுகிற சத்தமே அப்போதுதான் காதில் விழுந்தது. கொறித்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் எதற்கோ காத்திருக்கிறோம்... எதுவும் வரவில்லை. கறுப்புத் திரை, படத்தின் பெயர், அவ்வளவுதான்.

ஏதாவது வந்து கத்தியிருந்தால் சிரித்துவிட்டு மறந்திருப்பேன். சுப்பையா சாலை முழுக்க பைக்கில் பின்னால் உட்கார்ந்தபடி பாப்பா கேட்டுக்கொண்டே வந்தாள்: "மாமா, அது எப்ப வரும்?" படம் வெளியாகிப் போயும் விட்டது. நான் பார்க்கவில்லை, பார்ப்பதாகவும் இல்லை. உங்களுக்கு இப்படி ஏதாவது?

மஞ்சக்குப்பத்தான்:
தானே புயல் சமயம். 2011 டிசம்பர் 30, கடலூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம். கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஜெனரேட்டர் வைத்திருந்த கடையில் காசு கொடுத்து சார்ஜ் போட்ட போன், அதில் மாமா பையனின் மெமரி கார்டு. 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' டிரெய்லரைப் போட்டான். அதில் பேயைக் காட்ட மாட்டார்கள். தியேட்டரில் உட்கார்ந்து படம் பார்க்கிற ஜனங்களை இருட்டில் படம்பிடித்துக் காட்டுவார்கள். ஒருத்தி முகத்தை மூடுகிறாள், ஒருவனுக்கு சீட்டிலேயே தூக்கிப் போடுகிறது.

பக்கத்தில் ஆயா. "இவங்கல்லாம் எதப் பாத்துடா கத்துறாங்க?" என்று கேட்டது. நாங்கள் பதில் சொல்வதற்குள் போன் அணைந்துவிட்டது. தெரு முழுக்க இருட்டு, ஒரு வீட்டில்கூட விளக்கு இல்லை. அந்தக் கேள்விதான் இன்றைக்கும் காதில் நிற்கிறது.

ஆனால் உப்பளம் அண்ணா சொல்வதை நான் ஏற்க மாட்டேன். ஒன்றுமே காட்டாமல் விட்டால் டிக்கெட்டை எவன் எடுப்பான்? நீங்களே எடுக்கவில்லையே! அடுத்தவன் பயப்படுவதைப் பார்த்தால்தான் 'நாமும் தாங்குவோமா' என்று ஒரு வீம்பு வரும். ஏறக்குறைய 15,000 டாலரில் எடுத்த படம் அது. உலகம் முழுக்க ஓடியதற்கு அந்த வீம்புதான் காரணம் என்பேன்.

பழைய ஆபரேட்டர், நெல்லிக்குப்பம்:
தம்பிகளா, வீம்பு புதுசு இல்லை. எங்கள் காலத்தில் வண்டியில் மைக் கட்டி, "இதய பலவீனம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தயவுசெய்து வர வேண்டாம்" என்று ஊர் ஊராகக் கத்துவார்கள். வராதே என்றால் கூட்டம் இரண்டு மடங்கு.

ஒரு நாள் இடைவேளையில் பேய்ப்பட டிரெய்லர் ஓடுகிறது. கிணற்றடி, ஒரு பெண் குனிந்து எட்டிப் பார்க்கிறாள். சரியாக அந்த இடத்தில் ரீல் அறுந்தது. திரை பளீரென்று வெள்ளையாகிவிட்டது. நான் ஷட்டரை மூடுவதற்குள் பெஞ்சு டிக்கெட்டிலிருந்து பால்கனி வரைக்கும் ஒரே அலறல். அதுவும் டிரெய்லரில் ஒரு காட்சி என்று நினைத்துவிட்டார்கள். முதலாளி மேலே ஓடி வந்தார். திட்டப்போகிறார் என்று பார்த்தால், "ராத்திரி ஆட்டத்துக்கும் இதே மாதிரி விட முடியுமா?" என்கிறார்.

ஒட்டி ஓட்டினேன். ராத்திரி ஆட்டத்தில் அந்தப் பெண் கிணற்றைப் பார்த்தாள், பேய் வந்தது, ஒருவர்கூட அசையவில்லை.

வில்லியனூர் வீடியோ எடிட்டர்:
எல்லோரும் படத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். சமாச்சாரம் சத்தத்தில் இருக்கிறது. கல்யாண வீடியோ எடிட் செய்வது என் தொழில். ஒருமுறை விளையாட்டாக, தாலி கட்டும் காட்சிக்கு முன்னால் பேய்ப்பட டிரெய்லரில் வரும் அந்த ஏறிக்கொண்டே போகிற இரைச்சலைப் போட்டு, நறுக்கென்று நிறுத்தி, அரை விநாடி மௌனம் விட்டு, அப்புறம் கெட்டிமேளம் சேர்த்தேன். பெண்ணின் அப்பா பார்த்துவிட்டு, "என்னப்பா, மாப்பிள்ளைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பதறிட்டேன்" என்றார். காட்சியில் எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

உப்பளம் வாசி கேட்ட அந்த ஏசி சத்தம் தற்செயல் இல்லை. அமெரிக்காவில் தியேட்டர் டிரெய்லருக்குச் சத்த வரம்பு உண்டு, 85 டெசிபல். ஆனால் அது டிரெய்லர் முழுமைக்கும் சேர்த்து எடுக்கும் சராசரி. பாதி நேரம் சும்மா இருந்தால், மிச்சம் பிடித்ததை எல்லாம் ஒரே இடத்தில் கொட்டலாம். 'தி கான்ஜூரிங்' 2013இல் வந்தபோது டீசரில் என்ன செய்தார்கள்? இருட்டு, தீக்குச்சி வெளிச்சம், பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து கைதட்டும். வெறும் கைதட்டல். ரத்தமும் இல்லை, பேயின் முகமும் இல்லை. 1979இல் வந்த 'ஏலியன்' டிரெய்லரில் ஒரு வசனம்கூடக் கிடையாது. மஞ்சக்குப்பம் நண்பரே, ஒன்றுமே காட்டாமல் டிக்கெட் விற்றவர்கள் இருக்கிறார்கள்.

லாஸ்பேட்டை அம்மா:
எனக்கு நடந்தது சின்ன விஷயம். போனில் சமையல் வீடியோ பார்த்தபடி இட்லி மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். நடுவில் விளம்பரம். ஒரு பெண் முதுகைக் காட்டி நிற்கிறாள். ஏதோ புடவைக் கடை விளம்பரம் என்று நினைத்தேன். திரும்பினாள். போன் மாவுச் சட்டிக்குள் போய்விட்டது.

சின்னப் பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். தியேட்டரில் ஓடும் டிரெய்லருக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். போனில் வருவதற்கு அது கிடையாது. 2024 முதல் யுஏ என்பதையே 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். படத்துக்குப் போகும் முன் அதைப் பாருங்கள். பிள்ளை கையில் போனைக் கொடுத்தால் சத்தத்தைக் குறைத்துக் கொடுங்கள். ஹெட்போன் வேண்டவே வேண்டாம். ராத்திரி ஏழு மணிக்கு மேல் தானாக அடுத்த வீடியோ ஓடுவதை நிறுத்திவையுங்கள். பிள்ளை பயந்துவிட்டால் "இதுக்குப் போயா" என்று சிரிக்காதீர்கள், கூடவே உட்கார்ந்து பகல் வெளிச்சத்தில் சத்தமில்லாமல் அதையே ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். சத்தத்தை எடுத்துவிட்டால் பாதிப் பேய் ஓடிவிடும். திருஷ்டி சுற்றிப் போட்டாலும் தப்பில்லை.

கெடிலக்கரை:
அக்கா, இங்கே யாரும் பிள்ளை வளர்க்க வழி கேட்கவில்லையே! சத்தத்தைக் குறைத்தால் தப்பலாம் என்பதையும் நம்பாதீர்கள். 2018இல் 'தி நன்' படத்துக்கு யூடியூபில் ஒரு குட்டி விளம்பரம் வந்தது. திரையில் சத்தம் குறைகிற மாதிரி ஒரு சின்னம் வரும். 'ஏன் குறைகிறது' என்று கிட்டே போய்ப் பார்க்கும்போது அந்தப் படத்தின் பேய்க் கன்னியாஸ்திரி முகத்தில் வந்து விழும். புகார் எழுந்து யூடியூபே எடுத்துவிட்டது.

என் கதை: பாண்டியிலிருந்து கடலூருக்கு ராத்திரி பஸ். டிவியில் பாட்டுகளுக்கு நடுவே ஒரு பேய் டிரெய்லர். எடிட்டர் சொன்ன அதே இரைச்சல், அதே மௌனம். முள்ளோடை சோதனைச் சாவடி பக்கம் மாடு குறுக்கே வர, டிரைவர் அந்த மௌனத்தில் பிரேக் போட்டார். பஸ்ஸே அலறியது. கண்டக்டர் மட்டும் நிதானமாக, "யாரு இறங்கணும்?" என்றார்.

வில்லியனூர் வீடியோ எடிட்டர்:
கெடிலக்கரை, பிரமாதம்! அந்த டிரைவரை எனக்கு உதவியாளராக அனுப்புங்கள். இவை எல்லாவற்றுக்கும் தாத்தா ஒன்று உண்டு. 'சைக்கோ' 1960 டிரெய்லர். படத்தின் இயக்குநர் ஹிட்ச்காக் தானே வந்து, 'இந்த மாடிப்படியில்தான்...' என்று வீட்டைச் சுற்றிக் காட்டுவார். ஆறு நிமிடத்துக்கு மேல். கடைசியில் குளியலறைத் திரையை விலக்கினால் அலறுகிற பெண், படத்தில் அங்கே குளிக்கிற நடிகையே இல்லை. இன்னொரு நடிகைக்கு விக் வைத்து எடுத்தது.

பழைய ஆபரேட்டர், நெல்லிக்குப்பம்:
ஆறு நிமிடமா? இடைவேளையில் நான் அதை ஓட்டியிருந்தால், முறுக்குத் தட்டோடு வாசலில் நிற்கிறவன் கேபினுக்கே ஏறி வந்திருப்பான்.